கூந்தல் உதிர்வது ஏன்?

பளையிலிருந்து ஒரு சகோதரி எமக்கு எழுதியிருக்கிறார். முதற் குழந்தை பிறந்து நான்கு மாதங்கள் ஆகின்றனவாம். சீப்பிலும் தலையணையிலும் கூந்தல் கொத்துக் கொத்தாக உதிர்கிறதாம். கிணற்று நீரின் உவரே காரணம் என்கிறார் கணவர். பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு மயிர் கொட்டும் என்கிறார் மாமியார். விலையுயர்ந்த தைலம் ஒன்றை வாங்கலாமா என்பது சகோதரியின் கேள்வி.

வேண்டாம், சகோதரி. அப்பணத்துக்கு முட்டையும் மீனும் கீரையும் வாங்குங்கள். காரணத்தைக் கூறுகிறோம்.

மனிதர் தலையில் ஏறக்குறைய 1,00,000 மயிர்கள் உள. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்ந்து, இரண்டு மூன்று மாதங்கள் ஓய்ந்திருந்து, பின் உதிர்கிறது; அவ்விடத்திலேயே புதியது முளைக்கிறது. தென்னை பழுத்த ஓலையைக் கழற்றிவிட்டுக் குருத்து விடுவது போன்றதே இது. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்தல் இயல்பு.

கர்ப்ப காலத்தில் உதிர வேண்டிய மயிர் பலவும் உதிராது தங்கிவிடுகின்றன. பிரசவத்தின் பின் அவை ஒருங்கே ஓய்வு நிலைக்குச் சென்று, மூன்றாம் நான்காம் மாதத்தில் ஒருங்கே உதிர்கின்றன. பிள்ளை முகங்கண்டு வாய்விட்டுச் சிரிப்பதும் ஏறத்தாழ அக்காலத்திலேதான். முதியோர் காலத்தைச் சரியாகவே கண்டனர்; பழியை மட்டும் பிள்ளைமேற் போட்டுவிட்டனர். பெரும்பாலும் ஓராண்டுக்குள் கூந்தல் தானாகவே நிறைந்துவிடும்.

டெங்கு, நெருப்புக் காய்ச்சல், பெரிய சத்திரசிகிச்சை, கடும் பட்டினி, பெருந்துயரம் ஆகியவற்றுக்கும் இக்கணக்குப் பொருந்தும். ஆகவே, மயிர் கொட்டும்போது இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் உடலுக்கு நேர்ந்தது யாதென எண்ணிப் பாருங்கள்.

உவர் நீர் மயிரைச் சொரசொரப்பாக்கும், இடையில் முறியவும் செய்யலாம், வேரைக் கெடுப்பதில்லை. உதிர்ந்த மயிரின் அடியில் சிறு வெண்குமிழ் காணப்பட்டால் அது வேரிலிருந்து கழன்றது, இல்லையேல் முறிந்தது. உங்களூர்த் தேங்காயெண்ணெய் மயிரினுட் புகுந்து, அதன் புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கும் என 2003இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஆயினும் அது புதுமயிரை முளைப்பிக்கும் என நம்பிவிடலாகாது.

கவனிக்க வேண்டிய காரணங்களும் உள. களைப்பும் மூச்சுவாங்கலும் வெளிறிய கண்ணிமையும் சேர்ந்திருப்பின் இரத்தச் சோகையாக இருக்கலாம். வைத்தியசாலையில் தந்த இரும்புச் சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறதென எறிந்துவிடாது, வைத்தியரிடம் சொல்லுங்கள். மாத்திரையோடும் உணவோடும் தேநீர் அருந்தினால் இரும்புச் சத்து உடலிற் சேர்வது குறையும். தேசிக்காய்ச் சாறு சேர்ந்தால் மிகும். தைரொயிட் சுரப்பியின் கோளாறும் ஒரு காரணமே.

மாணவிகளே, நெற்றியோரம் வலிக்குமளவு பின்னலை இறுக்காதீர்கள். ஆண்டுக்கணக்கில் இழுபட்ட வேர் மீளாது போகலாம். வட்டமாக மயிர் உதிரும் புழுவெட்டில் புழு ஏதுமில்லை. உடலின் காவற்படையே வேரைத் தாக்குகிறது. சிறுவர் தலையில் செதிலும் சொறியும் சேர்ந்து மயிர் உதிர்ந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது தொற்றும், மருந்தால் மாறும். ஆடவரின் முன்வழுக்கை பெரும்பாலும் பரம்பரையாக வருவது.

ஓராண்டு கடந்தும் கூந்தல் நிறையாவிடினும், களைப்பு மிகுந்தாலும் வைத்தியரை நாடி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதுவரை நன்றாக உண்ணுங்கள், அஞ்சாதீர்கள். பிள்ளை தாராளமாகச் சிரிக்கட்டும்.