நுண்ணோக்கியின் பின்னே ஒரு தமிழ்ப் பெயர்

மருத்துவர் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுபவர் யார்? நாடி பிடித்துப் பார்ப்பவர், கத்தி எடுத்து அறுப்பவர், மருந்துச் சீட்டு எழுதுபவர். நோயாளியின் முகத்தையே காணாமல், அவருடைய உடலிலிருந்து எடுத்த கடுகளவு சதையை மட்டும் கண்டு, 'இது இன்ன நோய்' என்று தீர்ப்பெழுதும் ஒருவர் மருத்துவமனையின் பின்கட்டில் அமர்ந்திருப்பதைப் பலரும் அறியார். நோய்க்குறியியல் வல்லுநர் என்பது அவர் பெயர். மக்கள் வழக்கில் அவருக்குப் பெயரே இல்லை. 'லேப்பில் சொல்லிவிட்டார்கள்' என்பதோடு அவர் கதை முடிந்துவிடுகிறது.

அவர் செய்யும் பணி எளியதன்று. அறுத்தெடுத்த திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, நான்கைந்து மைக்ரான் தடிப்புள்ள சீவல்களாக, அதாவது தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மெல்லேடுகளாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயமேற்றுகின்றனர். அச்சாயங்களுள் ஒன்று இன்றும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்தே எடுக்கப்படுகிறது என்பது சுவையான செய்தி. சாயமேறியபின் உயிரணுவின் கரு நீலமாகவும் சுற்றுப்பகுதி இளஞ்சிவப்பாகவும் தெரியும். அந்த நீலப் புள்ளிகள் ஒழுங்காக நிற்கின்றனவா, வரம்பு மீறிப் படை திரட்டுகின்றனவா என்று பார்த்து அவர் எழுதும் ஒரு தாளுக்காகத்தான் அறுவை மருத்துவரும் காத்திருக்கிறார்.

தமிழ்த்துறை மலரில் இதைப்பற்றி எழுதுவானேன் என்று சிலர் கருதலாம். நோயின் முதலை நாடச் சொன்ன வள்ளுவரை இங்கு மேற்கோளாக்கிக் கட்டுரையைத் தொடங்கியிருந்தால் எவரும் அவ்வாறு கேட்டிருக்க மாட்டார். அக்குறளை அனைவரும் அறிவர் என்பதால் விடுத்தோம். கிரேக்க மருத்துவர் இந்நோய்க்கு நண்டு என்று பெயரிட்டனர்; ஆங்கிலச் சொல்லும் அதன் வழிவந்ததே. தமிழனோ புற்று என்றான். நண்டு வெளியே கால் பரப்புவது. புற்றோ மேலே தெரிவது சிறிது, உள்ளே கிடப்பது பெரிது. இன்றைய அறிவியலுக்கு நெருக்கமாக நிற்பது தமிழ்ச்சொல்லே என்பது நம் கருத்து.

இந்தியாவில் இத்துறைக்கு அடித்தளம் இட்டவருள் முதன்மையானவர் வசந்த் ராம்ஜி கானோல்கர். பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையில் நோய்க்குறியியல் வல்லுநராக இருந்த அவர், ஆயிரம் வாய்ப்புற்று நோயாளரைப் பற்றிய ஆய்வினை 1944ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். மெல்லுவதும் புகைப்பதுமாகிய பழக்கங்கள் வாயின் எப்பகுதியைத் தாக்குகின்றன என்பதை அன்றே ஆராய்ந்தவர் அவர். புகையிலை சேராத வெறும் வெற்றிலை பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுதியில் உறுதி செய்தது. அதற்குப் பின்னும் நம் திருமண வீடுகளில் வெற்றிலைத் தட்டு முதல் வரவேற்பாக நிற்பதைக் காண்கிறோம், அது நிற்க.

நாம் சிறப்பாகச் சொல்ல வந்தது மற்றொருவரைப் பற்றி. அருள் சின்னையன் என்பது அவர் பெயர். பெயரிலேயே தமிழ் இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டமும் முனைவர் பட்டமும் ஒருங்கே பெற்று, அங்கேயே நோய்க்குறியியல் பேராசிரியராக விளங்குபவர். மாணவராய் இருந்த காலத்தில், 1995இல், விஷ்வா தீட்சித் என்னும் ஆசிரியரின் வழிகாட்டலில், உயிரணு தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும் நிகழ்வில் பங்கேற்கும் ஒரு புரதத்தைக் கண்டறிந்தார். மாய வேண்டிய நேரத்தில் மாய மறுக்கும் உயிரணுவே புற்றாகிறது. ஆகவே சாவைப் பற்றிய அந்த ஆய்வு, புற்றைப் பற்றிய ஆய்வுக்கு வாயிலாக அமைந்தது.

பின்னர் அவர் எடுத்துக்கொண்டது புராஸ்டேட் சுரப்பிப் புற்று. ஆண்களுக்கு மட்டும் சிறுநீர்ப்பையின் அடியில் அமைந்திருக்கும் சுரப்பி அது. 2001இல் அவருடைய ஆய்வகம் அப்புற்றின் மரபணுச் செயற்பாடுகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில் முதற்பெயராய் நிற்பதும் சரவண தனசேகரன் என்னும் தமிழ்ப்பெயரே. 2005இல் வந்தது பெரிய கண்டுபிடிப்பு.

அதன் அருமை விளங்கச் சற்றுப் பின்னோக்க வேண்டும். 1960இல் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல் என்னும் நோய்க்குறியியல் வல்லுநரும் டேவிட் ஹங்கர்போர்டும், ஒருவகை இரத்தப் புற்றில் ஒரு குரோமோசோம் குறுகியிருப்பதைக் கண்டனர். 1973இல் ஜேனட் ரௌலி என்னும் அம்மையார், அது குறுகியது அன்று, வேறொரு குரோமோசோமோடு துண்டு மாற்றிக்கொண்டது என்று காட்டினார். இரு மரபணுக்கள் தவறாக ஒட்டிக்கொள்வதால் விளையும் கேடு அது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அந்த ஒட்டை முடக்கும் மருந்து 2001இல் ஒப்புதல் பெற்றது. உயிர்க்கொல்லியாய் இருந்த நோய், நாள்தோறும் மாத்திரை உண்டு வாழத்தக்க நோயாயிற்று. ஆயினும் இத்தகைய ஒட்டுகள் இரத்தப் புற்றிலும் சில அரிய சதைப் புற்றுகளிலுமே நிகழும். மார்பகம், புராஸ்டேட் போன்ற உறுப்புகளில் தோன்றும் பொதுவான புற்றுகளில் அவற்றுக்குப் பெரிய இடமில்லை என்பதே அறிஞர் பலரின் எண்ணமாக இருந்தது.

அவ்வெண்ணத்தைச் சின்னையன் ஆய்வகம் உடைத்தது. உடைத்த வழி மாணவர் அறியத்தக்கது. ஒரு வகுப்பின் மதிப்பெண் சராசரியை மட்டும் பார்க்கும் ஆசிரியருக்கு அவ்வகுப்பில் நூற்றுக்கு நூறு வாங்கிய மூவர் தெரியமாட்டார். அதுபோலவே எல்லா நோயாளரின் மரபணு அளவுகளையும் கூட்டிச் சராசரி கண்டால், ஒரு பிரிவினரிடம் மட்டும் வானளாவ உயர்ந்து நிற்கும் மரபணு மறைந்துபோகும். சராசரியை விடுத்து, விலகி நிற்பவற்றைத் தேடும் கணக்கு முறையொன்றை ஆய்வகத்தார் வகுத்தனர். ஸ்காட் டாம்லின்ஸ் என்னும் ஆய்வு மாணவர் அதில் முன்னின்றார். அவ்வாறு விலகி நின்ற இரு மரபணுக்களைப் பின்தொடர்ந்தபோது, ஆண்மைச் சுரப்பு நீரின் ஆணைக்கு அடங்கும் வேறொரு மரபணுவின் முன்பகுதி அவற்றோடு ஒட்டியிருந்தமை தெரிந்தது. மேலைநாட்டு நோயாளரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இவ்வொட்டு காணப்பட்டது. வளர்ச்சிக்கான கதவு ஒன்று, ஆண்மைச் சுரப்பு நீர் சுரக்கும்போதெல்லாம் திறந்துகொள்கிறது என்று கொள்ளலாம். ஒட்டிக்கொண்ட அந்த முன்பகுதிக்கு உரிய மரபணுவின் புரதமே, 2020இல் உலகை முடக்கிய கொரோனா நச்சுயிரி நம் உயிரணுவுள் நுழைய உதவுவதும் ஆகும்!

அவர் சொன்னவை அனைத்தும் நிலைத்தன என்று கூறமாட்டோம். சிறுநீரில் உள்ள ஒரு வேதிப்பொருள் இப்புற்றின் கடுமையைக் காட்டும் என்று 2009இல் அவ்வாய்வகம் வெளியிட்டதைப் பிற ஆய்வகத்தார் சோதித்தபோது அதே முடிவு கிட்டவில்லை. அறிவியலில் இது இயல்பு. புகழ்மாலை தொடுப்பது மட்டுமே கட்டுரை என்று எண்ணும் நம்மவர் இதையும் மறைக்காமல் எழுதப் பழக வேண்டும்.

இங்கேதான் நம் ஊர்ச் செய்தி தொடங்குகிறது. மேலைநாட்டாரிடம் பாதிக்குப் பாதி காணப்படும் அந்த மரபணு ஒட்டு, சீன, சப்பானிய நோயாளரிடம் குறைவாகவே காணப்படுகிறது. அப்படியாயின் அங்கே கண்டதை அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது. நம் மக்களின் திசுவை நம் நாட்டிலேயே ஆராய்ந்தாக வேண்டும். சின்னையனின் வெற்றிக்குப் பின்னால் அறிவுக்கூர்மை மட்டுமா இருந்தது? அறுவைக்குப் பின் தம் திசுவை ஆய்வுக்கு வழங்க இசைந்த முகமறியா நோயாளர் பலர் இருந்தனர். நம்மிடம் உள்ளதோ மறைக்கும் பழக்கம்.

நாகரசம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும், அங்கிருந்து எல்லை கடந்து பெங்களூர்க் கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையத்துக்கும் பேருந்து ஏறுகிறவர்களை நாம் அறிவோம். 'பெங்களூரில் ஒரு வேலை' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பயாப்சி அறிக்கையைத் துணிக்கடைப் பையில் சுருட்டி வைத்து, நோயாளி மறைந்தபின் அடுப்பில் இட்டுவிடுகிறார்கள். நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தாய்க்கு வந்தது மார்பகப் புற்று என்பதை மகளுக்குச் சொல்லவேயில்லை. 'வயிற்றுக் கோளாறு' என்றே சொல்லி வைத்திருந்தனர். மகளுக்குக் கட்டி தோன்றியபோது அவர் ஓராண்டுக்கு மேல் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தும் காரணம் அவரிடம் இல்லாதவாறு வீட்டார் பார்த்துக்கொண்டனர்.

அனைத்துப் புற்றும் பரம்பரையாக வருவதன்று. நூற்றில் ஐந்து முதல் பத்து வரையே அவ்வகை. ஆனால் அவ்வகைக் குடும்பத்துக்கு அது நூற்றுக்கு நூறு. மார்பகப் புற்றுக்குக் காரணமான மரபணு பதினேழாம் குரோமோசோமில் உள்ளது என்று மேரி கிளேர் கிங் 1990இல் காட்டினார்; 1994இல் அதனைப் பிரித்தெடுத்தனர். பழுதுற்ற அம்மரபணு பெற்றோருள் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பில் இறங்கும். மகனுக்கும் இறங்கும், தந்தை வழியாகவும் வரும். 2015இல் சின்னையனும் அமெரிக்க, பிரித்தானிய மையங்கள் பலவும் கூடி, முற்றிப் பரவிய புராஸ்டேட் புற்றுடைய 150 பேரை ஆராய்ந்தபோது, நூற்றில் எட்டுப் பேரிடம் பிறவியிலேயே வந்த மரபணுப் பழுது இருந்தது. மார்பகப் புற்றோடு தொடர்புடைய மரபணுக்களும் அவற்றுள் அடங்கும். அத்தகைய தந்தையின் நோயை மறைத்தால், இழப்பு மகளுக்கு நேரலாம்.

பெரியோர் சிலர் நம்மிடம் வெளிப்படையாகவே சொல்வதுண்டு: 'வெளியே தெரிந்தால் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள்.' இந்த அச்சத்தை எள்ளி நகையாட நமக்கு மனமில்லை. சம்பந்தம் பேசும் இடத்தில் ஒரு சொல்லால் வாழ்வு நின்றுபோன பெண்கள் உண்டு. ஆயினும் ஊருக்கு முரசறையச் சொல்லவில்லை. வீட்டுக்குள் சொல்லச் சொல்கிறோம், மருத்துவரிடம் சொல்லச் சொல்கிறோம். உறவுக்குள் மணம் முடிப்பதால்தான் இப்புற்று வருகிறது என்று வேறு சிலர் கூறுவதும் பொருந்தாது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் தோன்றும் நோய்கள் வேறு. ஒருவரிடமிருந்து வந்தாலே இடர் விளைப்பது இது. அயலில் மணம் முடித்தாலும் அந்தப் பாதி வாய்ப்புக் குறைவதில்லை. ஆகவே பழியை மருமகள் வீட்டின் மேல் போடுவதற்கும் இதில் இடமில்லை.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். 2022 சனவரியில் திறக்கப்பட்ட தமிழ்நாட்டின் பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளுள் கிருஷ்ணகிரியும் ஒன்று. மருத்துவம் பயிலச் செல்லும் நம் பிள்ளைகள் முதுநிலைப் படிப்பென்றால் இதயத்தையும் எலும்பையுமே நாடுகின்றனர். நோய்க்குறியியலை 'இடம் கிடைக்காதவர் படிப்பு' என்று சொல்வதைக் காதாரக் கேட்டிருக்கிறோம். கல்குவாரித் தூசியும் ஆலைப் புகையும் சூழ்ந்த இம்மாவட்டத்தில், எந்தத் தொழிலாளிக்கு எந்த நோய் வருகிறது என்று பதிவு செய்யப் போகிறவர் அவரே. மணற்கல் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரல் புற்றை உண்டாக்கும் என்பது 1997இலேயே வகைப்படுத்தப்பட்ட செய்தி. மருத்துவம் கிட்டாதவரும் வருந்த வேண்டா. 2005ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்புக்கு வழி திறந்தது ஒரு கணக்கு முறை என்பதை மேலே கண்டோம். கணிதமும் கணிப்பொறியும் பயில்வோர்க்கும் அங்கே நாற்காலி உண்டு.

இம்மலரைக் கையில் வாங்கும் ஒவ்வொரு வீட்டாரும் ஒரு முழுத்தாள் எடுத்து, தாய்வழி ஒருபுறமும் தந்தைவழி மறுபுறமுமாக மூன்று தலைமுறையினரின் பெயர்களை எழுதுவாராக. எவருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் நோய் கண்டது என்பதைப் பெயருக்கு நேரே குறிக்கலாம். 'வயிற்றுக் கோளாறு' என்று சொல்லப்பட்டவர் எவரேனும் இருந்தால், உண்மை அறிந்த பாட்டியும் பெரியம்மாவும் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது நலம்.