கெப் வண்டியின் இரைச்சல்: எதை வாங்கி ஒட்டுவது?

வவுனியாப் பகுதியில் நெற்செய்கை பண்ணும் அன்பர் ஒருவரிடமிருந்து எமக்கு நீண்டதொரு கடிதம் வந்துள்ளது. பல வருடங்கள் ஓடிய டீசல் ‘டபிள் கெப்’ ஒன்று அவரிடம் உண்டு. வயலுக்கு உரமூடை ஏற்றுவதும் அவ்வண்டியே; மாதம் ஒருமுறை முதிய தாயாரைக் கொழும்புக்கு வைத்தியரிடம் அழைத்துச் செல்வதும் அவ்வண்டியே. பின்னாசனத்தில் இருக்கும் தாயார் கேட்பது முன்னே சாரத்தியம் செய்யும் மகனின் காதில் விழுவதில்லை. ஐந்து மணித்தியாலப் பயணம் முடிந்து இறங்கும்போது அவ்வம்மையாருக்குத் தலையிடி. ஒரு கடைக்காரர், வண்டி முழுவதும் ஓசையடக்கும் தகடு ஒட்டுவதற்குப் பெருந்தொகை ஒன்றைச் சொன்னாராம். இன்னொருவர் அதிற் பத்திலொரு பங்கு விலைக்கு, வீட்டுக் கூரை ஒழுக்குக்கு ஒட்டும் தார்த்தாளை எடுத்துக் காட்டினாராம். இவற்றுள் எதனை வாங்குவது என்பதே அன்பரின் வினா.

விடைக்கு முன், கடிதத்தில் அவர் போகிறபோக்கில் எழுதியுள்ள ஒரு சொல்லை எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். தாயாரின் தலையிடியை இரைச்சலின் விளைவென்றே அவர் கொண்டுவிட்டார். அவ்வாறு இருக்கலாம். ஆயினும் பழைய வண்டியொன்றின் பின்னாசனத்தில் இருப்பவருக்கு நெடும் பயணத்தில் தலை வலிக்குமாயின், முதலில் ஐயுற வேண்டியது புகையை. புகைக்குழாயின் பொருத்தொன்று தளர்ந்தாலும், குழாய் துருவேறித் துளைவிழுந்தாலும் வண்டி உரத்து இரையும். அத்துளையால் வெளிப்படும் வாயு, அடித்தகட்டின் துவாரங்களூடாக உள்ளே புகும். பெற்றோல் வண்டியாயின் நிறமும் மணமும் அற்ற காபன் மொனொக்சைட்டே பெரும் பகை. டீசற் புகையில் அது மிகக் குறைவு. எனினும் இல்லையென்று சொல்வதற்கில்லை, அப்புகையிலுள்ள பிற வாயுக்களும் தலையிடியும் குமட்டலும் தரவல்லன. கெப்பின் பின்பக்கத்துச் சிறு யன்னலைத் திறந்து வைத்து ஓடுவோருக்கு இன்னொரு வழியாலும் இது வந்து சேரும். ஓடும் வண்டியின் பின்னே காற்றழுத்தம் குறைவதனால், பின்புறத்துப் புகை சுழன்று முன்னோக்கி வந்து அந்த யன்னலால் நுழைகிறது.

இந்நிலையில் தகடுகளை வாங்கி ஒட்டினால் யாது நேரும்? எச்சரிக்கை செய்துகொண்டிருந்த இரைச்சல் தணியும், புகை தணியாது. ஆகையால் எந்தக் கடைக்கும் போகுமுன், கராஜ் ஒன்றில் வண்டியை உயர்த்திப் புகைக்குழாயை முழு நீளத்துக்கும் பார்ப்பித்துக்கொள்க. இயந்திரத்தைத் தாங்கும் இறப்பர்க் கட்டைகளையும் அப்போதே பார்ப்பிக்கலாம். அவை நைந்துபோனால் இயந்திரத்தின் நடுக்கம் முழுவதும் உடற்தகட்டுக்கு ஏறும். அதனை எத்தகைய தகடு ஒட்டியும் மறைத்தல் அரிது. தலையிடியைப் பற்றி வைத்தியரிடமும் தவறாது கூறுக.

இவை யாவும் சரியாயிருந்தும் இரைச்சல் தொடருமாயின், அது எங்கிருந்து வருகிறது என்று அறிதல் வேண்டும். ஒரே வேகத்தில் கியரை மாற்றும்போது ஓசையும் மாறினால் அது இயந்திரத்தினது. வழவழப்பான காபெற் வீதியிலிருந்து பரற்கல் தெரியும் வீதிக்கு இறங்கியவுடன் ஓசை மாறினால் அது ரயரினது. வேகம் கூடக் கூடச் சீறலாக வளர்வது பெரும்பாலும் காற்றினது. பூச்சுவேலைக்காரர் ஒட்டும் கடதாசி நாடாவைக் கதவிடுக்குகளின் மேல் ஒட்டி ஒரு முறை ஓடிப் பார்த்தால் உண்மை வெளிப்படும். அவ்வாறு தணியுமாயின் வாங்க வேண்டியது கதவைச் சுற்றியுள்ள இறப்பர் விளிம்பு மாத்திரமே. சேற்று நிலத்துக்கென ஆழ வெட்டிய ரயர்களைப் பூட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் அமைதி தேடுவோருக்கு நாம் சொல்லக்கூடியது அதிகமில்லை.

இனிப் பொருள்களுக்கு வருவோம். ‘ஓசையடக்கி’ என்ற ஒரே பெயரில் விற்கப்படுவன உண்மையில் மூன்று வெவ்வேறு தொழில்களைச் செய்வன. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. பணம் வீணாவது பெரும்பாலும் இவ்விடத்திலேயாம்.

முதலாவது, தகட்டின் அதிர்வை விழுங்குவது. வெண்கலத் தாம்பாளம் ஒன்று கைதவறி விழுந்து கணீரென்று ஒலிக்கும்போது, விளிம்பில் ஒரு விரலை வைத்தால் ஓசை அடங்கிவிடுகிறது அல்லவா? விரல் தாம்பாளத்தை மூடவில்லை. அதன் நடுக்கத்தை வாங்கிக்கொண்டது. கெப்பின் பின்சுவர், கூரை, கதவின் வெளித்தகடு ஆகியவை அகன்ற, மெல்லிய இரும்புத் தகடுகள். விரற்கணுவால் தட்டினால் வெற்றுத் தகரப்பேணி போல ஒலிக்கும். இவற்றுக்கு ஏற்றது அலுமினியத் தாள் போர்த்த பியூட்டைல் இறப்பர்த் தகடு.

பியூட்டைல் என்பது 1937இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட செயற்கை இறப்பர். ரயரினுள்ளே காற்றடைக்கும் ரியூப்களுக்குப் பயன்பட்டதனால் நம்மவர்க்கு அது பழக்கமான பொருளே. 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்திறங்கிய கன்றுகளின் வழியாக நாம் அறிந்த இயற்கை இறப்பரோடு இதனை ஒப்பிடுதல் மாணவர்களுக்குச் சுவையாயிருக்கும். இயற்கை இறப்பரால் ஆன பந்தை நிலத்தில் எறிந்தால் கொடுத்த விசையின் பெரும்பகுதியைத் திருப்பித் தந்து துள்ளி எழும். பியூட்டைற் பந்தோ விழுந்த இடத்திலேயே ஏறக்குறைய அடங்கிவிடும். அவ்விசை எங்கே போயிற்று? பொருளினுள்ளேயே வெப்பமாக மாறிற்று. பந்துக்கு இது குறை. நமக்கு இதுவே வேண்டிய குணம். மேலுள்ள அலுமினியம் அழகுக்காக ஒட்டியதன்று. இரும்புத் தகடு வளையும்போது, இரும்புக்கும் அலுமினியத்துக்கும் இடையே அகப்பட்ட பியூட்டைல் இருபுறமும் இழுபட்டு உரசுண்டு, அதிர்வை வெப்பமாக்கிவிடுகிறது. அலுமினியம் தடித்ததாயின் வேலை நன்கு நடைபெறும். மினுங்கும் பிளாஸ்டிக்குத் தாள் போர்த்தியிருப்பின் வேண்டாமென்று விடுக.

கடைக்காரர் சொல்ல விரும்பாத செய்தி ஒன்று உண்டு. இத்தகட்டால் வண்டியை அங்குலம் விடாமல் மூட வேண்டியதில்லை. ஒவ்வோர் அகன்ற தகட்டின் நடுப்பாகத்திலும் காற்பங்கு தொடக்கம் அரைப்பங்கு பரப்பை ஒட்டினாலே கிடைக்கக்கூடிய பயனின் பெரும்பகுதி கிடைத்துவிடும். ஒட்டியபின் மீண்டும் தட்டிப் பார்க்கவும். தகரப்பேணி ஓசை போய் மரப்பலகை ஓசை வந்துவிட்டால் அத்தகட்டுக்கு அது போதும். முழுவதும் ஒட்டச் சொன்ன தொகையின் பாதி இவ்வாறு மிஞ்சலாம்.

கூரைக்குரிய தார்த்தாளை அன்பர் வாங்க வேண்டாம். அது வெளிவெய்யிலில் கிடப்பதற்கெனச் செய்யப்பட்டது. சித்திரை மாத நண்பகலில் நிறுத்திய வண்டியின் கூரையைக் கைவைத்துப் பார்த்தவர்க்கு, அத்தார் உள்ளே இளகி வழுவி இறங்குவதை விளக்க வேண்டியதில்லை. அதன் மணம் மூடிய அறைக்குள் தங்கும்; தலையிடி உள்ளவரை அதனுள் இருத்துவது தகாது. தொழிற்சாலைகளிலும் வண்டியின் தரைத்தகட்டில் தார் கலந்த தகடுகளை இடுவதுண்டு. அவை அதற்கெனச் செய்து சூட்டில் உருக்கிப் படியவைக்கப்படுவன. கடைத் தார்த்தாளுக்கு அவற்றைச் சாட்சியாகக் காட்டுதல் பொருந்தாது.

இரண்டாவது தொழில், ஓசையைத் தடுத்து நிறுத்துவது. கிடுகு வேலி பார்வையை மறைக்கும். அயல்வீட்டுப் பேச்சை மறைப்பதில்லை. கல்மதில் இரண்டையும் மறைக்கும். காரணம் பாரம். தடுப்பின் பாரம் இரட்டித்தால், கடந்து வரும் ஓசை ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும் என்பது விதி. பாரமான கனிப்பொடி கலந்த வைனைல் விரிப்பு இவ்வேலைக்குரியது. சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோ நிறை கொண்டது. தரைக்கும் இயந்திரத்தை அடுத்த முன்சுவருக்கும் அது நன்று. நான்கு சதுர மீட்டர் விரித்தாலும் 20 கிலோதான். அரை மூடை உரத்தின் நிறைகூட ஆகாது. ஆயின் மதிலில் ஓட்டை இருந்தால் மதிலாற் பயனில்லை. பரப்பில் நூற்றிலொரு பங்கு திறந்திருந்தாலே எவ்வளவு பாரமான தடுப்பும் 20 டெசிபெலுக்கு மேல் தடுக்கமாட்டாது. வயர்கள் நுழையும் துவாரங்களின் இறப்பர் அடைப்பான்களை முதலிற் பார்க்கச் சொல்வது இதனாலேயே. புகையும் அவ்வழியே வருவது என்பதை நினைவூட்டுகிறோம்.

மூன்றாவது, உள்ளே எதிரொலிக்கும் ஓசையை உறிஞ்சுவது. பஞ்சு, சணல், கம்பளித் துண்டு, தும்பு ஆகிய நார்ப்பொருள்கள் இவ்வேலையைச் செய்வன. முட்டைத் தட்டுகளை ஒட்டினால் போதும் என்னும் பேச்சு எங்கிருந்து பரவிற்றோ அறியோம். மெல்லிய அத்தட்டு ஓசையை நிறுத்தவும் மாட்டாது, சொல்லத்தக்க அளவில் உறிஞ்சவும் மாட்டாது.

தும்பு நம் நாட்டில் மலிவாகக் கிடைப்பதனால் அதனைத் தரையில் விரிக்கும் எண்ணம் எவருக்கும் தோன்றும். இவ்விடத்தில் நாம் சற்றுக் கண்டிப்பாகவே பேச வேண்டியுள்ளது. வயலிலிருந்து ஈரக்காலோடு ஏறும் வண்டி அது. மாரியில் கதவைத் திறந்தாலே சாரல் விழும். நாரும் வாய்திறந்த ஸ்பொஞ்சும் அந்நீரைக் குடித்து, காபெற்றின் அடியில் மாதக்கணக்காக இரும்போடு ஒட்டி வைத்திருக்கும். அமைதிக்கென விரித்தது அடித்தகட்டைத் தின்றுவிடும். பின்னர் அத்துருத் துளையாலேயே ஓசையும் புகையும் புகும். நார்ப்பொருள்களைக் கூரையிலும் பின்சுவரின் மேற்பாகத்திலும் மாத்திரம் இடுக. தரைக்கு, கண்ணறைகள் மூடிய ஸ்பொஞ்சுத் தாளே தகும். அது ஓசையை அதிகம் உறிஞ்சாது. ஆனால் நீரை ஏற்காது, மேலே விரிக்கும் வைனைலை இரும்பிலிருந்து விலக்கி வைக்கும். கடையில் சிறு துண்டு கேட்டு வாங்கி, நீரில் அமிழ்த்திப் பிழிந்து பார்த்தால் எது எவ்வகையென்று பிள்ளைகளே கூறிவிடுவர்.

இன்னொரு துண்டை முற்றத்தில், அருகே வாளி நீர் வைத்துக்கொண்டு, பெரியவர் ஒருவர் கொளுத்திப் பார்க்கட்டும். தீயை எடுத்தபின்னும் சொட்டுச் சொட்டாக உருகி எரிவது மனிதர் இருக்கும் அறைக்கு ஆகாது. வண்டியின் உட்பொருள்கள் நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் எரிதலாகாது என்பது 1972 முதல் அமெரிக்காவில் நடைமுறையிலுள்ள விதி. அத்தகைய பரிசோதனையில் தேறியதா என்று விற்பவரைக் கேட்பதில் தவறில்லை.

எவ்வளவு பயன் கிட்டும்? 10 டெசிபெல் குறைந்தாற்றான் காதுக்கு ஓசை பாதியானதாகத் தோன்றும். 3 டெசிபெல் குறைந்தால் கூர்ந்து கேட்பவர் உணர்வர். அந்த ஒரு சிலவே உரையாடலுக்குப் பெரிதும் உதவும். பாதியாகக் குறைத்துத் தருவேன் என்பவரிடம் அளந்து காட்டச் சொல்லுக. கைத்தொலைபேசியில் ஓசை அளக்கும் செயலி உண்டு. ஒரே வீதி, ஒரே வேகம், யன்னல்கள் மூடியபடி, ஒட்டுமுன்னும் ஒட்டியபின்னும் பின்னாசனத்தில் இருப்பவர் அளக்க வேண்டும். அன்பரின் கையில் உள்ள பணத்துக்கு, தாயார் அமரும் இடத்தைச் சூழ்ந்த பின்சுவர், பின்கதவுகள், பின்தரை ஆகியவற்றை முதலிற் செய்து, கூரையை மழைக்கு முன்னும் முன்பாகத்தை வசதிப்படும்போதும் செய்வதே எமது யோசனை.

ஒட்டுமுன் பற்றரியின் இணைப்பைக் கழற்றிவிடுக. ஆசனத்தின் அடியிலுள்ள மஞ்சள் நிற இணைப்பிகள் பெரும்பாலும் காற்றுப்பைக்கு உரியன. அவற்றைத் தொழில் தெரிந்தவரே தொடட்டும். கூரையோரத்துக் காற்றுப்பையின் மேல் எதனையும் ஒட்டலாகாது. இரும்பைத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்குப் போக ஸ்பிரிட்டால் துடைத்து, தகட்டைச் சிறு உருளையால் அழுத்தி உருட்ட வேண்டும். கையால் மாத்திரம் அழுத்தியது கழன்றுவிடும். அலுமினிய விளிம்பு கத்திபோல் வெட்டுமாதலால் கையுறை அவசியம். பின்சுவரில் காற்று வெளியேறும் மடல்கள் இருப்பின் அவற்றை மூடற்க. மூடினால் கதவு இறுகிச் சாத்தாது. கதவின் அடிவிளிம்பிலுள்ள சிறு துவாரங்கள் யன்னற் கண்ணாடியால் இறங்கும் மழைநீர் வடிவதற்கானவை. வேலை முடிந்ததும் மூடிய யன்னலின் வெளிப்புறத்தில் ஒரு செம்பு நீரை ஊற்றிப் பார்க்கவும். சற்று நேரத்தில் கதவின் அடியால் சொட்டாவிடின், தகட்டின் ஓரம் துவாரத்தை அடைத்துள்ளது. அன்றே வெட்டித் திறந்துவிடுக.