பாடகியைச் "சாகடித்த" குறி!

2013 ஏப்ரல் 8-ந் தேதி பிரிட்டனின் முன்னாள் பிரதமர் தாட்சர் காலமானார். "தாட்சர் இறந்துவிட்டார்" என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் எழுதி, முன்னால் # போட்டு, அன்றைய ட்விட்டரில் பரப்பினார்கள் சிலர். இதுதான் 'ஹாஷ்டேக்'. 2007-ல் கிறிஸ் மெசினா சொன்ன யோசனை. குறியைத் தொட்டால், அதே குறி போட்ட பதிவுகள் எல்லாம் வரும்.

ரசிகர்கள் பதறினார்கள். வேறு இடத்தில் பிரித்துப் படித்தால், "பாடகி ஷெர் இறந்துவிட்டார்" என்று வந்தது! அவரோ உயிரோடுதான் இருந்தார்!

வேலை தேடி லிங்க்ட்இனில் எழுதுகிறீர்களா? ஆங்கிலம் என்றால் ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்குங்கள். தமிழில் அடிக்கோடு போட்டுச் சேருங்கள். வெறும் "வேலை" என்றால் கூட்டத்தில் காணாமல் போவீர்கள். தொழிலையும் ஊரையும் போடுங்கள். "சென்னை வெல்டர்" என்று இடைவெளி விட்டாலோ, குறியில் சென்னை மட்டுமே நிற்கும். வெல்டர் வெளியே!