யாருடைய கடிகாரம்?

இரவு 1.50. எங்கள் அல்சூர் வீட்டுக் கூடத்தில் ஐந்து பிள்ளைகள் ஒரு மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஓர் அமெரிக்க மாணவர் ரோபோ போட்டிக்கான கட்டுரையும் படங்களும் தயார். என் மகள் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். நேரம் முடிந்துவிட்டது என்று திரை சொன்னது. சுவரில் ஒட்டியிருந்த தாளிலோ, அவள் கையெழுத்திலேயே, 'கெடு: இரவு 2.30' என்று இருந்தது.

பிள்ளைகளுக்குக் கூட்டத் தெரியாமல் இல்லை. கெடு, அமெரிக்கக் கிழக்கு நேரப்படி மாலை 4 மணி. பிப்ரவரியில் முதல் பகுதியை அனுப்பியபோது அது நமக்கு 2.30தான். மார்ச் இரண்டாம் ஞாயிறன்று அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைக்கிறார்கள். பத்தரை மணி வித்தியாசம் ஒன்பதரை ஆகிவிடுகிறது. அதே 4 மணி நமக்கு 1.30.

"விதியைச் சரியாகப் படித்திருக்க வேண்டாமா, அத்தான்?" என்று நியூ ஜெர்சியிலிருந்து என் மைத்துனர் தொலைபேசியில் கேட்டார். படித்திருக்க வேண்டும்தான். ஆனால் அவர் மகனுக்கு அந்தக் கணக்கே கிடையாதே! பள்ளி விட்டு வந்து, ஆசிரியரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, பகல் வெளிச்சத்தில் அனுப்புகிறான். எங்கள் பிள்ளைகளின் ஆசிரியர் அந்நேரம் உறங்கிக்கொண்டிருப்பார். காலை 8 மணிக்குப் பள்ளி வேறு.

நாமும் ஒரு காலத்தில் இதைப் பிறருக்குச் செய்தவர்கள்தாம். 1906இல் இந்தியப் பொது நேரம் வருவதற்கு முன் நாட்டின் ரயில்கள் பெரும்பாலும் சென்னை நேரப்படி ஓடின. ஊர்க் கடிகாரம் அரை மணி பின்தங்கிய பம்பாய்க்காரர்தாம் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்.

எல்லோருக்கும் ஒரே கணம், இதில் என்ன அநியாயம் என்பார்கள். மணிக்கணக்கில் சரி. ஆனால் இரவு வேண்டாம், மாலையிலேயே அனுப்பிவிடுவோம் என்றால் நம் பிள்ளைகளுக்கு ஏழெட்டு மணி நேரம் குறைகிறது.

எல்லாவற்றையும் நான் குறை சொல்லவில்லை. ஃபர்ஸ்ட் அமைப்பின் ரோபோ போட்டியில் (எங்கள் பிள்ளைகள் சேர்ந்தது வேறு) 2025ஆம் ஆண்டுச் சவாலை ஜனவரி 4 அன்று அமெரிக்கக் கிழக்கு நேரம் நண்பகலில் வெளியிட்டார்கள். நமக்கு இரவு 10.30. வாரக்கணக்கில் நடக்கும் வேலைக்கு ஓர் இரவு கண் விழித்தால் குடி முழுகிவிடாது. முடிவு நேரம் அப்படியல்ல. அங்கே இருபது நிமிடத்தில் எல்லாம் போய்விடுகிறது.

வழி இல்லாமலும் இல்லை. ஆசிய பசிபிக் கணித ஒலிம்பியாட் தேர்வை அமெரிக்கக் கண்டங்களில் திங்கள் பிற்பகலும் ஆசியாவில் செவ்வாய் காலையும் நடத்துகிறார்கள். வினாக்கள் வெளியாகும்வரை யாரும் அவற்றைப் பற்றிப் பேசக்கூடாது. கணினி ஆய்வு மாநாடுகள் பலவற்றில் இன்னும் எளிய ஏற்பாடு உண்டு. பூமியில் எங்காவது அந்தத் தேதி மிச்சமிருக்கும்வரை அனுப்பலாம். உலகப் பொது நேரத்துக்குப் பன்னிரண்டு மணி பின்தங்கிய கணக்கு அது. நமக்கு மறுநாள் மாலை 5.30 வரை. முடியும் கணம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் எந்த ஊர்ப் பிள்ளையும் தன் வீட்டு நாட்காட்டித் தேதியை நம்பலாம். மார்ச் மாதக் கடிகார மாற்றத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

நடத்துகிறவர்களுக்கு என்ன நஷ்டம்? அவர்கள் கெடு மாலை 4 மணியிலிருந்து மறுநாள் காலை 7 அல்லது 8 மணிக்குப் போகும். நடுவர்கள் அந்த இரவில் உறங்கத்தான் போகிறார்கள்.

இதைக் கேட்டு அந்தப் போட்டிக்காரர்களுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இருபது நிமிடத்தை மன்னிக்கக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு விதியை மாற்றச் சொல்லித்தான் கேட்கிறேன். இத்தகைய போட்டிகளில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கையெழுத்திட விரும்பினால் ஞாயிறு மாலை சங்க நூலகத்துக்கு வாருங்கள். கடிதத்தோடு அங்கே இருப்பேன்.