இரும்பு மனிதருக்கு ஒரு கிணறு

திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய கணவருக்கு வயது நாற்பத்தொன்று. பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு இலாகாவில் உத்தியோகம். இத்தனை காலமும் சாதுவாக இருந்த மனிதர். காப்பி வரத் தாமதமானால்கூட ஏன் என்று கேட்டறியாதவர். அப்பேர்ப்பட்டவர் இப்பொழுது விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்து, தெரு நாய்களையெல்லாம் எழுப்பிவிட்டு, ஓடப் போகிறாராம். ஞாயிற்றுக்கிழமை ஸைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புகிறாராம். கேட்டால், 'அயர்ன்மேன்' பந்தயத்துக்குத் தயாராகிறேன் என்கிறாராம். "இது பைத்தியமா, தேகாப்பியாசமா? நான் தடுக்க வேண்டுமா, வேண்டாமா?" என்பது சகோதரியின் கேள்வி.

முதலில் அந்தப் பந்தயம் இன்னதென்று சொல்லிவிடுகிறோம். 3.8 கிலோமீட்டர் நீந்த வேண்டும். கரையேறியவுடன் 180 கிலோமீட்டர் ஸைக்கிள் மிதிக்க வேண்டும். அதிலிருந்து இறங்கி 42 கிலோமீட்டர் சொச்சம் ஓட வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துப் பெரும்பாலும் பதினேழு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நடுவே படுத்து உறங்குவதற்கு ஏற்பாடு கிடையாது.

இந்த விபரீத யோசனை உதித்த இடம் ஹவாய்த் தீவு. அங்கே தனித்தனியாக நடந்து வந்த நீச்சல், ஸைக்கிள், ஓட்டப் பந்தயங்கள் மூன்றையும் ஒரே நாளில் கோத்துவிட்டால் என்ன என்று ஜான் காலின்ஸ் என்ற கப்பற்படை உத்தியோகஸ்தரும் அவர் மனைவி ஜூடியும் நினைத்தார்கள். (மனைவியும் உடந்தை என்பதைச் சகோதரி கவனிக்க வேண்டும்.) 1978-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் பதினைந்து பேர் புறப்பட்டார்கள், பன்னிரண்டு பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு ஏறக்குறைய 11 மணி 47 நிமிஷம் பிடித்தது. இரண்டாவதாக வந்த ஜான் டன்பர் என்பவருக்கு வழியில் தண்ணீர் தீர்ந்து போய், கூட வந்த சிநேகிதர்கள் பீரைக் கொடுத்துவிட்டார்களாம். அதற்குப் பிறகு அவர் ஓடிய அழகை நாம் வர்ணிக்க வேண்டியதில்லை.

அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. 'அல்ட்ராமேன்' என்று பெயர். மூன்று நாட்களில் 10 கிலோமீட்டர் நீச்சல், சுமார் 420 கிலோமீட்டர் ஸைக்கிள், 84 கிலோமீட்டர் ஓட்டம். 2017-இல் அமெரிக்காவில் ஃப்ளாரிடாவில் நடந்த அத்தகைய பந்தயத்தை நடிகர் மிலிந்த் ஸோமன் ஐம்பத்தொன்றாவது வயதில் வெறுங்காலுடனே ஓடி முடித்தார். ஆகையால் நாற்பத்தொன்று என்பது இந்தக் காரியத்துக்கு முதிர்ந்த வயதே அல்ல.

இவர்களெல்லாம் இரும்பினால் செய்யப்பட்டவர்கள் அல்ல. நம்மைப் போன்ற எலும்பும் சதையுந்தான். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்றால், மாதக் கணக்கில் உடம்புக்குக் கொஞ்சங் கொஞ்சமாகப் பாடம் சொல்லிக் கொடுத்ததில் இருக்கிறது. தினந்தோறும் நிதானமாக ஓடுகிறவனுடைய தசைகளில் மெல்லிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. இருதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தை வெளியே தள்ளக் கற்றுக்கொள்கிறது. இவை சில வாரங்களிலேயே பலன் காட்ட ஆரம்பிக்கும். ஆனால் தசைநாரும் எலும்பும் அவ்வளவு சீக்கிரம் இறுகுவதில்லை. அவற்றுக்குப் பல மாதங்கள் வேண்டும். மூச்சு "இன்னும் ஓடலாம்" என்று சொல்லும்போது முழங்கால் "முடியாது" என்று சொல்வது இதனால்தான். உற்சாகத்தில் முதல் இரண்டு மாதத்திலேயே தூரத்தை இரட்டிப்பாக்குகிறவர்கள், மூன்றாவது மாதத்தில் எலும்பு வைத்தியரின் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள்.

வேகத்துக்கு ஓர் எளிய அளவு உண்டு. ஓடும்போது பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடியவேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம். பயிற்சியின் பெரும் பாகம் இந்தப் பேச்சு வேகத்திலேயே நடக்க வேண்டும். வாரத்துக்குப் பத்து மணி நேரத்தில் தொடங்கிப் பதினைந்து வரையில் போகலாம். நாலு வாரத்துக்கு ஒரு முறை குறைத்துக்கொள்ள வேண்டும். ஸைக்கிளிலிருந்து இறங்கியவுடனே அரைமணி ஓடிப் பார்க்கும் அப்பியாசமும் வேண்டும். முதல் தடவை கால்கள் மரக்கட்டைகளாக இருக்கும், பிறகு பழகிப்போகும்.

திருப்பூரில் ஸைக்கிளுக்குக் குறைவில்லை. தாராபுரம், உடுமலைப்பேட்டை, பல்லடம் என்று ஒரு வட்டம் சுற்றி வந்தால் 140, 150 கிலோமீட்டர் ஆகிவிடும். மலை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஆடி மாதத்துக் காற்று இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்று, கேத்தனூர்ப் பக்கத்துக் காற்றாலைகளை எல்லாம் சுழற்றிவிட்டு, பல்லடத்திலிருந்து பொள்ளாச்சி நோக்கிப் போகிறவனுடைய மார்பில் வந்து மோதும். ஸைக்கிளில் போகிறவனுடைய பலத்தில் பெரும் பாகம் காற்றைக் கிழிப்பதிலேயே செலவாகிறது. ஒரு மணி நேரம் அந்தக் காற்றை எதிர்த்து மிதித்தவனுக்குக் குன்று ஏறத் தனிப் பாடம் தேவையில்லை.

அடுத்தது ஆகாரம். இதைப் பற்றிச் சகோதரிகள்தாம் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டும். 1982-ஆம் வருஷத்து ஹவாய்ப் பந்தயத்தில் ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி முன்னணியில் ஓடி வந்தாள். தேகப் பயிற்சி சாஸ்திரத்தில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டும் என்பதற்காகப் பந்தயத்தில் சேர்ந்தவள் அவள். முடிவுக் கோட்டுக்குச் சிறிது தூரத்தில் கால்கள் துவண்டு விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். கடைசிச் சில கஜ தூரத்தில் காத்லீன் மக்கார்ட்னி என்ற பெண் அவளைக் கடந்து போய் ஜயித்துவிட்டாள். ஜூலி தவழ்ந்தே போய்க் கோட்டைத் தொட்டாள். இருவருக்கும் வித்தியாசம் 29 வினாடி. டெலிவிஷனில் இதைப் பார்த்த பிறகுதான் உலகத்தில் அநேகம் பேருக்கு இப்படி ஒரு பந்தயம் இருப்பதே தெரிய வந்தது.

அந்தப் பெண்ணிடம் தைரியத்துக்குக் குறைவில்லை, எரிபொருள் தீர்ந்துவிட்டது. நம் தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரைச் சத்து ஏறக்குறைய 2000 கலோரிதான். பந்தயம் முழுவதற்குமோ எட்டாயிரத்துக்கும் மேல் வேண்டியிருக்கிறது. மீதியில் பெரும்பகுதியைக் கொழுப்பு கொடுக்கும். ஆனால் கொழுப்பு மெதுவாக எரிகிற விறகு. ஆகவே ஸைக்கிளில் இருக்கும்போதே மணிக்கு 60 கிராம் வரை சர்க்கரைச் சத்து உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். இரண்டு வாழைப்பழமும் ஒரு துண்டு வெல்லமும் இந்தக் கணக்குக்கு ஏறக்குறைய சரியாகும். இதை வயிறு ஏற்றுக்கொள்வதற்கும் பயிற்சி வேண்டும். பந்தய தினத்தன்று புதிதாக எதையும் தின்னக் கூடாது. சம்பந்தி வீட்டுப் பலகாரமாக இருந்தாலும் சரி.

தண்ணீர் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். கொங்கு நாட்டு வெயிலில் ஓடுகிறவனுக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வை வடியலாம். வெயிலில் பழகப் பழக, பத்துப் பதினாலு நாட்களில், உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்குகிறது. வியர்வையில் உப்பு குறைந்துபோகிறது. இது இயற்கை செய்து கொடுக்கும் ஏற்பாடு. ஆயினும் வெறும் தண்ணீரைக் குடங்குடமாகக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய், மயக்கமும் வலிப்பும் வந்து, உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். தாகத்தின் அளவறிந்து குடிக்க வேண்டும். அதில் உப்பும் இருக்க வேண்டும். உப்புப் போட்ட நீர்மோரும் நீராகாரமும் அறிந்த வீட்டில் இதை விஸ்தரித்துச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்.

உடையைப் பற்றித் திருப்பூர்க்காரருக்கு நாம் சொல்வதா? நாட்டின் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அவர்கள் ஊரிலிருந்து போகிறது. இருந்தாலும் ஒரு விஷயம். சாதாரணக் காற்றில் பருத்தி இழை தன் எடையில் சுமார் 8.5 சதவிகிதம் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், பாலியெஸ்டர் 0.4 சதவிகிதத்தோடு நிறுத்திவிடும். வீட்டுத் திண்ணையில் பருத்திப் பனியனைப் போன்ற சுகம் வேறில்லை. ஆனால் நாலு மணி நேர ஓட்டத்தில் அதே பனியன் வியர்வையைக் குடித்துக் கனத்து, அக்குளிலும் மார்பிலும் உராய்ந்து தோலை உரித்துவிடும். ஊரின் பெருமையைக் காப்பதற்காகத் தோலை இழக்க வேண்டியதில்லை. செயற்கை இழையிலும் பின்னலாடை செய்யத் திருப்பூர் கற்றுக்கொண்டு வருகிறது.

இவ்வளவும் சொல்லியாயிற்று. ஆனால் திருப்பூரில் அயர்ன்மேன் ஆக விரும்புகிறவனுக்கு உண்மையான தடை, வெயிலோ காற்றோ அல்ல. அவன் எங்கே போய் நீந்துவான்?

ஊர் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவேரியில் கலக்கும் நொய்யல். அதன் நீளம் ஏறக்குறைய 180 கிலோமீட்டர். பந்தயத்தில் ஸைக்கிள் மிதிக்கும் தூரமேதான். அந்த ஆற்றில் சாயப்பட்டறைக் கழிவு நீர் பல ஆண்டு காலம் கலந்தது. பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை, சாயத் தண்ணீரைத் தேக்கி வைக்கும் தொட்டியாகிவிட்டது. குடியானவர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 2011-ஆம் வருஷம் ஜனவரி மாதம் சென்னை ஹைகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்ப உபயோகிக்க வேண்டும் என்ற நிபந்தனையின்மேல் அவை பிறகு திறந்தன. கோடிக்கணக்கான ரூபாய் செலவில் சுத்திகரிப்பு நிலையங்கள் நடக்கின்றன. இருந்தபோதிலும், ஒரு தகப்பனார் தம் பையனை நொய்யலில் இறக்கி நீச்சல் கற்றுக் கொடுக்கும் நாள் இன்னும் வரவில்லை. உலகமெங்கும் விளையாட்டு உடை தைத்து அனுப்பும் ஊரில், விளையாடுவதற்குத் தண்ணீர் இல்லை.

அமராவதி அணை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதில் முதலைகளும் இருக்கின்றன. பக்கத்திலேயே 1970-களில் முதலைப் பண்ணை ஒன்றும் வைத்தார்கள். அங்கே நீந்தினால் வேகம் கூடும் என்பது உண்மையே. ஆனாலும் நாம் சிபாரிசு செய்வதற்கில்லை.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையிலே பிறந்த குமார் ஆனந்தன் 1971-இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, திரும்பவும் நீந்தியே போனார்; 51 மணி நேரம். சென்னையில் பயின்ற குற்றாலீஸ்வரன், பன்னிரண்டு வயதுச் சிறுவன், 1994-இல் பாக் நீரிணையைக் கடந்து, அதே வருஷம் ஆங்கிலக் கால்வாயையும் கடந்தான். இதே கால்வாயை நீந்த முயன்றபோதுதான், 1984 ஆகஸ்டில், ஆனந்தன் உயிர் துறந்தார். அவ்வளவு பெரிய நீச்சல்காரருக்கே அப்படி நேர்ந்தது. மூன்று அங்கப் பந்தயங்களில் ஏற்பட்ட திடீர் மரணங்களில் பெரும்பாலானவை நீந்தும்போது நிகழ்ந்தவை என்று அமெரிக்க வைத்தியர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். ஓடுகிறவன் மயங்கினால் தரையில் விழுவான். நீந்துகிறவனுக்குத் தரை இல்லை. ஆகவே நாற்பது வயதைத் தாண்டியவர் முதலில் இருதயத்தைச் சோதித்துக்கொண்டு பிறகு தண்ணீரில் இறங்குவதுதான் புத்திசாலித்தனம்.

சகோதரியின் கேள்விக்கு வருவோம். தடுக்க வேண்டாம். ஆனால் இந்த வருஷமே முழுப் பந்தயம் என்றால் சம்மதிக்கவும் வேண்டாம். பாதி தூரத்துப் பந்தயம் ஒன்று உண்டு: 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 ஸைக்கிள், 21 ஓட்டம். நம் தேசத்தில் 2019-இல் கோவாக் கடற்கரையில் அதை முதன்முதலாக நடத்தினார்கள். முதலில் அதை முடித்துவிட்டு வரட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்று விட்டு ஒன்றாவது குடும்பத்துக்கு என்று எழுதி வாங்கிக்கொள்வதும் நியாயமே. இன்னொன்றையும் அவர் ஞாபகத்தில் வைக்கட்டும். அவருடைய கம்பெனியிலேயே ஒன்றரை ஷிப்டு, பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டுப் போகிற ஜனங்கள் இருப்பார்கள். பொழுது விடியுமுன் ஓடுவதற்கு ஓய்வும், ஸைக்கிளுக்குப் பணமும் கிடைத்தது அவருடைய அதிர்ஷ்டம்.

நீச்சலுக்கு வழி, கொங்கு நாட்டின் தோட்டத்துக் கிணறுதான். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறங்கி நீந்தக் கற்றவர்கள் அந்தப் பக்கத்துப் பெரியவர்களில் அநேகம் பேர். படிக்கட்டு உள்ள, தண்ணீர் நிறைந்த, சொந்தக்காரருடைய சம்மதம் பெற்ற கிணறாக இருக்க வேண்டும். நீச்சல் தெரிந்த ஒருவர் கரையில் கயிற்றுடன் நிற்க வேண்டும். தனியாக ஒருநாளும் இறங்கக் கூடாது. இருபது மீட்டர் குறுக்களவுள்ள கிணறு கிடைத்தால், 3.8 கிலோமீட்டருக்கு 190 தடவை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கடக்க வேண்டியிருக்கும். நீந்துகிறவருக்கு எண்ணிக்கை நிச்சயமாகத் தவறிப்போகும், கணக்கு இலாகா உத்தியோகஸ்தராக இருந்தாலுங்கூட. படிக்கட்டில் உட்கார்ந்து அதை எண்ணுவதற்கு, வீட்டு வரவு செலவை இத்தனை வருஷமாகப் பார்த்து வருகிற சகோதரியைவிடத் தகுந்தவர் யார்?