கணிதம் கற்றவர் எங்கே செல்வது?

தமிழ்த்துறை மலரில் கணக்கிற்கு என்ன வேலை என்று வினவுவோர் இருக்கக்கூடும். எண்ணை முன்னும் எழுத்தைப் பின்னும் வைத்துப் பேசிய மரபில் வந்தவர்கள் நாம். ஆதலின் அவ்வினாவிற்கு விடை கூறிக் காலத்தைக் கழிக்க விரும்பவில்லை. கணிதத் துறையினராகிய நம்மை இங்கு எழுதத் தூண்டியது வேறொரு வினா.

சென்ற ஆண்டு எம்.எஸ்ஸி. முடித்த மாணவி ஒருத்தி, மாற்றுச் சான்றிதழ் பெறுவதற்காகத் தந்தையுடன் வந்திருந்தாள். வகுப்பில் முதல் மாணவி. "அடுத்து என்னம்மா?" என்று கேட்டோம். அவள் தந்தையின் முகத்தைப் பார்த்தாள். "பி.எட். போடலாம் என்றிருக்கிறோம் சார். கணக்குப் படித்தால் வாத்தியார் வேலைதானே, வேறென்ன இருக்கிறது?" என்றார் அவர். அவர் கேட்ட தொனியில் குறை ஏதுமில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். நாமோ இரண்டொரு வார்த்தை மழுப்பிவிட்டு, அவளுக்கு வாழ்த்துக் கூறி அனுப்பிவைத்தோம். முப்பதாண்டுக் காலம் கணிதம் கற்பித்தவர்க்கு அது பெருமை தரும் விடையன்று.

ஆசிரியப் பணியைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. நாமே அப்பணியில் உண்டு வாழ்பவர்கள். ஆயினும் அப்பாதையின் நீளத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். 2015 முதல் பி.எட். ஈராண்டுப் படிப்பு. அதன்பின் தகுதித் தேர்வு, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புக்காகக் காத்திருப்பு. கல்லூரியில் பணியாற்ற நெட் அல்லது செட் வேண்டும், இல்லையேல் முனைவர் பட்டம் வேண்டும். இடைப்பட்ட ஆண்டுகளில் தனியார் பள்ளிகளே புகலிடம். கையொப்பமிடும் ஊதியம் ஒன்றாகவும் கையில் பெறும் ஊதியம் வேறொன்றாகவும் இருக்கும் இடத்தில் பணிபுரிந்த நம் பழைய மாணவி ஒருத்தி, திருமணமானதும் அதையும் விட்டுவிட்டாள். அவளிடமிருந்த கணிதம் இன்று யாருக்கும் பயன்படவில்லை.

இராமானுசனை ஆண்டுதோறும் திசம்பர் 22ஆம் நாள் மேடையேற்றிப் புகழ்கிறோம். 1912இல் அவர் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தார் என்பதையும் தவறாமல் சொல்கிறோம். அவ்வலுவலகத்தில் அவருக்கு மேலிருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் அறிந்தவர் என்பதை மட்டும் விட்டுவிடுகிறோம். எதிரே இருப்பவரின் தாளில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் அங்கே இருந்தார். நம் மாணவர்க்கு இல்லாதது அப்படி ஒருவர்தான் என்பது நம் துணிபு.

முதலில் ஆக்சுவரி எனப்படும் காப்பீட்டுக் கணிப்பாளர் தொழிலை எடுத்துக்கொள்வோம். இப்பெயரையே நம் ஊரில் பலர் கேட்டதில்லை. முப்பது வயதுடைய ஒருவர் இருபதாண்டுகளுக்குக் காப்பீடு எடுத்தால் ஆண்டுதோறும் அவர் செலுத்த வேண்டிய தொகை எவ்வளவு? எத்துணைப் பேர் எந்த வயதில் இறப்பர் என்று காட்டும் ஆயுள் அட்டவணை ஒருபுறம், செலுத்திய பணம் ஈட்டும் வருவாய் மறுபுறம். இரண்டையும் நிகழ்தகவால் பிணைத்து விடை காண்பது இவர் பணி. எம்.எஸ்ஸி. மாணவர்க்கு இதில் அச்சுறுத்துவது எதுவும் இல்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய ஆக்சுவரிகள் கழகம் இதற்கான தேர்வுகளை நடத்துகிறது. நுழைவுத் தேர்வில் தேறிய பின் பத்துக்கு மேற்பட்ட தாள்களை எழுத வேண்டும். எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் வேலை தேட வேண்டும் என்பதில்லை. சில தாள்களில் தேறியவுடனேயே நிறுவனங்களில் சேர்ந்து, பணியாற்றிக்கொண்டே மற்றவற்றை எழுதுவோர் பலர். 2000ஆம் ஆண்டில் காப்பீட்டுத் துறை தனியார்க்குத் திறந்துவிடப்பட்ட பின் இவர்களின் தேவை பெருகியது.

இனிக்கும் செய்தியை மட்டும் சொல்வது நேர்மையாகாது. தேர்வுகள் கடினமானவை, தோற்றுத் தோற்று எழுதுவது அங்கு இயல்பு. கட்டணமும் சிறிதன்று. பணியிடங்கள் பெரும்பாலும் மும்பை, பெங்களூரு போன்ற பெருநகரங்களில் உள்ளன. மேலும், காப்பீட்டுத் தொழிலை ஏற்பதில் தயக்கமுடைய பெரியோர் நம்மிடையே உளர். அத்தயக்கத்தை நாம் மதிக்கிறோம். மலேசியா 1984இலேயே தக்காஃபுல் முறைக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது என்பதையும், அம்முறைக்கும் கணிப்பாளர் வேண்டும் என்பதையும், பணியாளர் ஓய்வூதியக் கடப்பாடுகளைக் கணிப்பதும் இதே தொழிலின் ஒரு கிளைதான் என்பதையும் அவர்கள் கருத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

அரசுப் பணியில் நம்மவர் இடறி விழும் பள்ளம் ஒன்று உண்டு. 1961இல் தோற்றுவிக்கப்பட்ட இந்தியப் புள்ளியியல் பணிக்கு மத்தியத் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. கணிதத்தில் எவ்வளவு சிறந்தவராயினும், பட்டப் படிப்பில் புள்ளியியலை ஒரு பாடமாகப் படிக்காதவரோ புள்ளியியலில் முதுகலை பெறாதவரோ அத்தேர்வை எழுதவே இயலாது. பதினேழு வயதில், சேர்க்கைப் படிவம் நிரப்பும் நேரத்தில், இதை யார் சொன்னார்கள்? ஐந்தாண்டுகள் கழித்து விண்ணப்பத்தின் அடிக்குறிப்பில் கண்டு திகைப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பணியாளர் தேர்வாணையத்தின் பட்டதாரித் தேர்வு வழியாக இளநிலைப் புள்ளியியல் அலுவலர் ஆவதற்கு இத்துணைக் கடுமை இல்லை. பட்டத்துடன் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் 60 விழுக்காடு இருந்தால் போதும்.

கணினித் துறையைப் பற்றி யாவரும் பேசுவதால் நாம் சுருக்கமாகவே பேசுவோம். அல்காரிதம் என்னும் சொல் ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது. அவருடைய அல்ஜப்ரா நூலின் பெரும்பகுதி வாரிசுகளுக்குச் சொத்தைப் பங்கிடும் கணக்குகளே. அன்றும் கணிதம் வயிற்றுப்பாட்டை விட்டு விலகி நின்றதில்லை. இரு பெரும் பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கற்பலனிலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பது அரிது என்னும் ஒரே கருத்தின்மீது 1977இல் எழுப்பப்பட்டது ஆர்.எஸ்.ஏ. மறையாக்க முறை. ஓர் எண் பகா எண்ணா என்பதை விரைந்து கண்டறியும் உறுதியான வழியை 2002இல் உலகுக்குத் தந்தவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வாலும் அவர்தம் இளம் மாணவர் இருவரும். இன்றைய செயற்கை நுண்ணறிவும் அணிகள், நிகழ்தகவு, வகைநுண்கணிதம் ஆகியவற்றால் ஆனதுதான். எனினும் இவற்றைக் கரும்பலகையில் நிறுவத் தெரிந்து, பத்து வரி நிரல் எழுதத் தெரியாதவரை எந்த நிறுவனமும் சேர்த்துக்கொள்ளாது. இக்குறை மாணவருடையதன்று, பாடத்திட்டம் வகுக்கும் நம்முடையது.

ஆராய்ச்சி நாட்டமுடையோர் சென்னையைத் தாண்ட வேண்டியதில்லை. தரமணியில் 1962 முதல் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம் இருக்கிறது. 1993இல் தொடங்கிய எம்.டி.டி.எஸ். கோடை முகாமுக்கு இரண்டாமாண்டு மாணவர் இருவரையேனும் நம் கல்லூரி ஆண்டுதோறும் அனுப்பலாம். மனப்பாடத்தை விட்டுச் சிந்திக்கப் பழகுவதற்கு அதனினும் நல்ல இடம் நாம் அறிந்தவரை இல்லை.

நிருவாகத்தினர்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். நம் கல்வி அறக்கட்டளைகள் மருத்துவம், பொறியியல் பயில்வோர்க்கு மனமுவந்து உதவுகின்றன. ஆக்சுவரி தேர்வுத் தாள் ஒன்றின் கட்டணம் அவ்வுதவித் தொகைகளில் ஒரு சிறு துளி. அதற்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒரு வரி எழுதினால் போதும். பெண் பிள்ளையைப் பெருநகரம் அனுப்பத் தயங்கும் தந்தைக்கு, நம்பத்தக்க விடுதி ஒன்றின் முகவரி நம்மிடம் இருக்க வேண்டும். புள்ளியியலைத் துணைப்பாடமாக்கும் முன்மொழிவைத் துறைக் கூட்டத்தில் நாம் வைத்திருக்கிறோம்; அது இன்னும் கோப்பில்தான் இருக்கிறது.

அந்தத் தந்தைக்கு இளைய மகள் ஒருத்தி உண்டு. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்கிறாள். அவளுக்கும் கணிதம்தான் வேண்டுமாம். சூன் மாதத்தில் சேர்க்கைக்கு அழைத்து வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். மேலே கூறியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறோம்.