வண்டி ரெடி, பிளக் எங்கே?

மதுக்கரையில் எங்கள் தெருவில் ஒரு லைன் வீடு இருக்கிறது. வரிசையாக ஆறு வீடு, எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய், கடைக்கோடியில் வீட்டுக்காரரின் மாடி வீடு. மூன்றாவது வீட்டில் குடியிருக்கும் பெண்மணி குறிச்சி சிட்கோவில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறார். போன தீபாவளி போனஸை முன்பணமாகக் கட்டி எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிவிடுவது என்று முடிவு பண்ணி, ஷோரூமுக்குப் போய், ஓட்டிப் பார்த்து, கலர்கூடச் சொல்லிவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டார்.

"ஏனுங்கண்ணா, வாசல்ல ஒரு பிளக் பாயின்ட் வெச்சுக்கட்டுங்களா? செலவு நானே பாத்துக்கறனுங்க."

"எதுக்கு அம்மிணி?"

"வண்டிக்கு சார்ஜ் போடோணுங்க."

"வண்டிக்கா? அதெல்லாம் வேண்டாஞ் சாமி. வெடிக்குதுங்கறாங்க. ராத்திரி பூரா கரண்ட் இழுக்கும். நாளைக்கு ஆறு வீட்டுக்காரங்களும் ஆளுக்கொண்ணு வாங்கிட்டு வந்து நின்னா நான் எங்க போறது?"

அவ்வளவுதான். போனஸ் பணத்தில் பழைய ஸ்கூட்டருக்கு இன்ஜின் வேலை பார்த்தார். மீதிக்குப் பெட்ரோல் போட்டார்.

மின்சார ஸ்கூட்டரைப் பற்றி நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். எத்தனை நொடியில் எவ்வளவு வேகம் பிடிக்கும், திரையில் மேப் தெரியுமா, பாட்டுப் பாடுமா, ரிவர்ஸ் போகுமா... டி.வி.யைத் திறந்தால் ஒரு கல்லூரிப் பையன் மலைப்பாதையில் பறக்கிறான். அவன் சார்ஜ் போடுகிற இடத்தை எந்த விளம்பரத்திலாவது பார்த்தீர்களா? பார்த்திருந்தால் அது ஒரு பங்களாவின் கார் ஷெட்டாக இருந்திருக்கும். விளக்கு பொருத்திய சுவர், பக்கத்தில் ஒரு செடித்தொட்டி.

இந்த வண்டியால் நிஜமாகவே லாபம் அடையக்கூடியவர் அந்த பங்களாக்காரர் இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம், வாருங்கள். நம் பட்டறைப் பெண்மணி போக வர, பிள்ளையை ட்யூஷனில் விட, கடைக்குப் போக என்று தினம் முப்பது கிலோமீட்டர் ஓட்டுகிறார். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் வண்டியில், லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 67 ரூபாய். 26 வேலை நாளைக்கு 1,740 ரூபாய் ஆகிறது. மின்வண்டியின் பேட்டரி மூன்று யூனிட் பிடிக்கும் என்றால், கம்பெனி நூறு கிலோமீட்டர் என்று சொல்லும். பின்னால் ஆளை வைத்து ஓட்டினால் எழுபத்தைந்து, எண்பது கிடைக்கும். முப்பது கிலோமீட்டருக்கு ஒன்றேகால் யூனிட். வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்கினாலும் பத்து ரூபாய்! மாதம் 260. பெட்ரோலுக்கும் இதற்கும் வித்தியாசம் ஏறக்குறைய 1,500 ரூபாய். வருஷத்துக்குப் பதினெட்டாயிரம். ஆயில் மாற்ற வேண்டாம், ஸ்பார்க் பிளக் வேண்டாம், கார்புரேட்டர் அடைப்பு கிடையாது. வண்டிகள் ஊர்ந்து போகும் குனியமுத்தூர் ரோட்டில் நின்று நின்று போகும்போது இன்ஜின் சும்மா எரிகிற எரிபொருளும் மிச்சம்.

பங்களாக்காரர் வாரத்துக்கு இரண்டு தடவை பால் வாங்க எடுத்துப்போவார். அவருக்கு இந்த லாபம் தெரியவே பத்து வருஷம் ஆகும். அதற்குள் பேட்டரியின் வாரன்டி முடிந்துவிடும். யாருக்கு இந்த வண்டி தேவையோ அவருக்குச் சுவர் இல்லை. யாருக்குச் சுவர் இருக்கிறதோ அவருக்குக் கார் இருக்கிறது.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லைதான். 2019-ல் ஆரம்பித்த மத்திய அரசின் ஃபேம் இரண்டாம் கட்டத் திட்டத்தில் பேட்டரியின் ஒவ்வொரு யூனிட்டுக்கும் பத்தாயிரம் ரூபாய் மானியம். 2021 ஜூனில் அதைப் பதினைந்தாயிரமாக ஏற்றினார்கள். 2023 ஜூனில் மறுபடி பத்தாயிரமாக்கி, வண்டி விலையில் 40 சதவிகிதம் என்று இருந்த உச்சவரம்பை 15 ஆக்கினார்கள். 2024 மார்ச்சோடு அந்தத் திட்டம் முடிந்து, அக்டோபரில் பி.எம். இ-டிரைவ் வந்தது. அதில் ஐயாயிரத்தில் ஆரம்பித்து, அடுத்த வருஷமே பாதி. எல்லாக் கணக்கும் பேட்டரியை வைத்துத்தான். பேட்டரி பெரிசானால் மானியம் பெரிசு. பொது சார்ஜிங் நிலையங்களுக்கு என்று 2,000 கோடி ஒதுக்கியது உண்மை. நெடுஞ்சாலையில் கார் ஓட்டிப்போகிறவருக்கு அது உதவும். ராத்திரி எட்டு மணிக்குப் பட்டறையிலிருந்து வந்து, சோறாக்கி, பிள்ளையைப் படிக்க வைத்துவிட்டு, வண்டியை எங்கோ ஒரு நிலையத்தில் செருகிவிட்டு யார் காவல் இருப்பது? தூங்கும் நேரத்தில், வாசலில், சத்தமில்லாமல் ஏறுவதுதான் இந்த வண்டியின் சௌகரியமே.

வீட்டுக்காரரை வில்லனாக்குவது சுலபம். நான் அதைச் செய்யப் போவதில்லை. அவருடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தகப்பனும் மகளும் செத்துப்போனார்கள். அந்தக் கோடையில் நாடு முழுக்க அடுத்தடுத்து வண்டிகள் எரிந்தன. அதன் பிறகுதான் ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலுமாக இரண்டு கட்டமாக அமலுக்குக் கொண்டுவந்தார்கள். இந்தச் சேதி எங்கள் தெருவுக்கு வரவில்லை. வண்டி எரிந்த வீடியோ மட்டும் வந்தது, போன் தவறாமல்!

ஆனால் ஒன்று கேட்கிறேன். வாசலில் பிளக் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து, எர்த் இல்லாத ஐந்து ஆம்பியர் பாயின்டில் செருகி, ஒயர் மேல் கோணிச் சாக்கைப் போட்டு மூடி ராத்திரி முழுக்க ஓட்டுவார்கள். நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் எந்த ஆபத்துக்குப் பயந்து மறுக்கிறாரோ அதே ஆபத்தைத்தான் மறுத்து வரவழைக்கிறார். எர்த்தோடு ஒரு 15 ஆம்பியர் பாயின்ட், அதற்குத் தனியாக ஒரு எம்.சி.பி., காற்றோட்டமான வாசல்... இதில் பயப்பட என்ன இருக்கிறது? கரண்ட் அதிகம் இழுக்கும் என்பதும் பிரமைதான். வீட்டு சார்ஜர் ஒரு இஸ்திரிப் பெட்டி இழுப்பதற்கு மேல் இழுக்காது.

பில் விஷயம் வேறு. யூனிட் ஏற ஏற ரேட்டும் படிப்படியாக ஏறுகிற ஊர் இது. ஆறு வீட்டுக்கும் ஒரே மீட்டர் என்றால் ஆறு ஸ்கூட்டர் சேர்ந்து அவரை மேல் படிக்குத் தள்ளிவிடும். நியாயமான கவலை. அதற்கு வழி 2024 பிப்ரவரியில் வந்திருக்கிறது. மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் செய்த திருத்தத்தின்படி, வண்டி சார்ஜ் போட மட்டும் தனி இணைப்பு கேட்கலாம். கேட்கலாம், சரி. சுவர் யாருடையதோ அவர் தலையாட்டாமல் வாடகைக்காரர் எங்கே மீட்டர் மாட்டுவார்? தோளிலா?

தைவானில் இதே பிரச்னை. அடுக்குமாடியில் இருப்பவனுக்கு வாசலே கிடையாது. அங்கே கோகோரோ என்ற கம்பெனி 2015-லிருந்து தெருவோரம் பெட்டிகள் வைத்து, காலிப் பேட்டரியைக் கொடுத்துவிட்டு நிறைந்த பேட்டரியை எடுத்துக்கொண்டு போகும்படி செய்தது. நம் ஊரிலும் கழற்றி எடுத்து வீட்டுக்குள் சார்ஜ் போடும் பேட்டரியோடு சில வண்டிகள் வந்திருக்கின்றன. நல்லதுதான். கல் மாதிரி கனக்கிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், படுக்கிற ஒரே அறையில் வைத்து சார்ஜ் போடச் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வேலூரை மறந்துவிட்டீர்களா?

கொங்கு நாட்டுக்காரனுக்கு இதில் தனி எரிச்சல் உண்டு. பைக்காரா மின்சாரம் 1930-களின் தொடக்கத்தில் இறங்கி வந்ததும்தான் இங்கே மில்கள் பெருகின. 1934-ல் மதுக்கரையில் சிமென்ட் ஆலை வந்தது. பம்பு செட்டும் மோட்டாரும் செய்து இந்தியா முழுக்க அனுப்பிய ஊர். காயில் கட்டுகிற கடை இல்லாத கடைவீதி இந்த ஜில்லாவில் கிடையாது. ஆம்பியர் என்ற மின்ஸ்கூட்டர் கம்பெனியை ஹேமலதா அண்ணாமலை கோவையில்தான் 2008-ல் தொடங்கினார். 2018-ல் அதை கிரீவ்ஸ் காட்டன் வாங்கியது, பெரிய தொழிற்சாலை ராணிப்பேட்டைக்குப் போனது. ஓசூரில் ஏத்தரும் டி.வி.எஸ்.ஸும், போச்சம்பள்ளியில் ஓலாவும் வண்டி வண்டியாகச் செய்து தள்ளுகிறார்கள். செய்கிற இடம் நம்முடையது. செருகுகிற இடம்தான் இல்லை.

கரண்டுக்காகச் சண்டை போடத் தெரியாத ஜனங்களும் அல்ல. 1970-ல் யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லி நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். பெருமாநல்லூர் துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் உயிர் விட்டார்கள். 1972-ல் கட்டை வண்டிகளைக் கொண்டுவந்து கோவையையே அடைத்தார்கள். தோட்டத்து மோட்டாருக்காக அத்தனை பாடு பட்ட ஊரில், வாசல் பிளக்கைக் கேட்க ஒரு கூட்டம்கூட நடக்கவில்லை. தோட்டக்காரருக்குச் சங்கம் இருந்தது. லைன் வீட்டுக்காரருக்கு ஏது?

2021-ல் மதுக்கரை நகராட்சியாகிவிட்டது. கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். வரி போடும்போது வீட்டின் சதுர அடியை அளக்கத் தெரிந்தவர்கள், வாடகைக்கு விடும் வீட்டு வாசலில் எர்த்தோடு ஒரு பாயின்ட் வைத்தால் வரியில் கொஞ்சம் தள்ளுபடி என்று ஏன் யோசிக்கக் கூடாது? பேட்டரி பேட்டரியாக மானியம் கொடுத்த சர்க்கார், சப் மீட்டருக்கும் ஒயருக்கும் ஒரு சின்னத் தொகை கொடுத்தால் குடியா முழுகிவிடும்?

இதைப் படிக்கிற நீங்களே ஒரு லைன் வீட்டின் சொந்தக்காரராக இருக்கலாம். அப்படியானால் உங்களிடம் நேராகவே பேசிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஒயர், பாக்ஸ், எம்.சி.பி., சப் மீட்டர், எர்த் சரி பார்ப்பது... எல்லாம் சேர்த்து அரை நாள் வேலை. காசை வாடகைக்காரர் தருவதாகச் சொல்லிவிட்டார். மூன்றாவது வீட்டில் கேட்டுப் பாருங்கள், எந்தப் பக்கச் சுவரில் வேண்டும் என்று.